இன்சுலின் பிறந்த நகரிலே எம்மவரின் நீரிழிவு: உடற்கொழுப்பு விடுக்கும் செய்திகள்

நீரிழிவு நோயாளருக்கு உயிர் கொடுக்கும் இன்சுலின் கண்டெடுக்கப்பட்ட நகரிலேயே நாம் குடியேறி வாழ்கின்றோம். 1921ஆம் ஆண்டின் கோடையில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் பிரெடறிக் பன்ரிங்கும் சாள்ஸ் பெஸ்ரும் தொடங்கிய ஆய்வு, ஜோன் மக்லியொட், ஜேம்ஸ் கொலிப் ஆகியோரின் துணையுடன் 1922 ஜனவரியில் கனிந்தது. அம்மாதம் 11ஆம் திகதி ரொறன்ரோ பொது மருத்துவமனையில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதலாவது ஊசி ஏற்றப்பட்டது. மருந்தின் தூய்மை போதாமையால் அது போதிய பலனளிக்கவில்லை. கொலிப் தூய்மைப்படுத்திக் கொடுத்த சாற்றை 23ஆம் திகதி ஏற்றியபோது, சிறுவனின் குருதியிலிருந்த சீனி இறங்கிற்று. கண்டுபிடித்தவர்கள் தமது காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலர் என்ற பெயரளவான விலைக்குப் பல்கலைக்கழகத்திடம் விட்டுக்கொடுத்தனர். பன்ரிங் பிறந்த நவம்பர் 14ஆம் திகதியே இன்று உலக நீரிழிவு நாளாகக் கொள்ளப்படுகின்றது.

அந்த நிகழ்வு நடந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அதே நகரின் வடகிழக்கே, அஜின்கோர்ட்டிலும் அதைச் சூழ்ந்த ஸ்காபரோப் பகுதிகளிலும் வாழும் எமது குடும்பங்களில் 'சீனி வருத்தம்' என்ற சொல் ஒலிக்காத வீடு அரிது. 2007ஆம் ஆண்டில் ரொறன்ரோ ஆய்வாளர்கள் நகரின் நீரிழிவு வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். நகர மையத்தில் நோய் குறைந்தும், வடமேற்கிலும் கிழக்கேயுள்ள ஸ்காபரோப் பக்கத்திலும் மிகுந்தும் காணப்பட்டதை அது எடுத்துக்காட்டியது. வருமானம் குறைந்தோரும் புதிதாகக் குடியேறியோரும் வாழ்கின்ற, கடைக்கும் வேலைக்கும் நடந்து செல்ல வாய்ப்பற்ற பகுதிகளே அவை. ஷெப்பேட், பிஞ்ச் வீதிகளின் நீளத்தை அறிந்த எமக்கு இது வியப்பைத் தராது.

வியப்பூட்டுவது வேறொன்று. நடுவயதில் எம்மவரைப் பற்றும் இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்கத்தில், நோயாளியின் உடலில் இன்சுலின் குறைந்திருப்பதில்லை; பல வேளைகளில் வழமையிலும் கூடுதலாகவே சுரக்கின்றது. இருந்தும் சீனி இறங்குவதில்லை. இன்சுலின் இட்ட கட்டளையை உடல் ஏற்க மறுக்கின்றது. இந்த மறுப்பு எங்கிருந்து பிறக்கின்றது? கடந்த முப்பது ஆண்டுகளின் ஆராய்ச்சி, வயிற்றைச் சுற்றித் திரளும் கொழுப்பை நோக்கியே விரலை நீட்டுகின்றது.

பூட்டும் திறப்பும்

நாம் உண்ணும் சோறு, பாண், இடியப்பம் யாவும் சமிபாட்டின்பின் குளுக்கோசாகக் குருதியிற் சேர்கின்றன. சதையி என்ற உறுப்பு உடனே இன்சுலினைச் சுரக்கின்றது. தசைக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள வாங்கியிற் சென்று இன்சுலின் பொருந்தும்போது, பூட்டில் திறப்பு நுழைந்தாற்போல் உட்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, குளுக்கோசுக்கான வாயில்கள் திறக்கின்றன. ஈரலுக்கு இன்சுலின் சொல்லும் செய்தி 'புதிதாகச் சீனி ஆக்காதே' என்பது. கொழுப்பிழையத்துக்குச் சொல்லும் செய்தி 'சேமித்த கொழுப்பை வெளிவிடாதே' என்பது.

இந்த மூன்று இடங்களிலும் செய்தி மங்கிப்போகும் நிலையையே இன்சுலின் எதிர்ப்பு என்கின்றோம். தசை குளுக்கோசை ஏற்காது. ஈரல் தேவையின்றிச் சீனியை ஆக்கிக்கொண்டேயிருக்கும். கொழுப்பிழையம் கொழுப்பமிலங்களைக் குருதியில் விட்டுக்கொண்டேயிருக்கும். சதையி இதனை ஈடுசெய்ய மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். சிலருக்கு இவ்வாறே பல ஆண்டுகள் கழியும். பரிசோதனையிற் சீனி சரியாகவே காட்டும். ஒருநாள் சதையி களைத்து ஈடுகொடுக்க இயலாது போகும்போதுதான் நீரிழிவு வெளிப்படுகின்றது. வைத்தியர் 'உமக்குச் சீனி' என்று சொல்லும் நாளுக்கு எத்தனையோ ஆண்டுகள் முன்னரே நோயின் வித்து ஊன்றப்பட்டுவிடுகின்றது என்பதை இதனால் அறிகின்றோம்.

ஸ்ராட்போட்டில் பிறந்தவரும் கொழுத்த சுண்டெலிகளும்

கொழுப்பை ஒரு களஞ்சியமாக மட்டுமே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. அக்கருத்தை அசைத்தவர்களுள் ஒருவர் எமது ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்ராட்போட் நகரில் 1931இல் பிறந்து, ஹமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திற் கற்ற டக்ளஸ் கோல்மன். அவர் 1958இல் அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜக்சன் ஆய்வுகூடத்தில் இணைந்தார். அளவின்றி உண்டு பருத்து நீரிழிவுக்கும் ஆளாகும் இரு வேறு சுண்டெலி இனங்கள் அங்கு இருந்தன.

கோல்மன் இவற்றின் குருதியோட்டங்களைச் சத்திரசிகிச்சையால் இணைத்துப் பார்த்தார். ஓரினத்துச் சுண்டெலியுடன் இயல்பான சுண்டெலி ஒன்றை இணைத்தபோது, இயல்பானது உண்ண மறுத்துப் பட்டினியால் மடிந்தது. மற்றைய இனத்துக் கொழுத்த சுண்டெலியை அதே இனத்துடன் இணைத்தபோதும், அதுவும் உணவை வெறுத்து மெலிந்தது. இதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஒரு பொருள் குருதியில் ஓடுகின்றது; ஓரினத்துக்கு அப்பொருளை ஆக்கத் தெரியாது; மற்றைய இனம் அதனை மிகுதியாக ஆக்கினும் அதன் சொல்லைக் கேட்கத் தெரியாது. பலர் இதனை நம்பவில்லை. 1994ஆம் ஆண்டில் நியூயோர்க் றொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெவ்றி பிறீட்மன் குழுவினர் அப்பொருளுக்குரிய மரபணுவைக் கண்டெடுத்தனர். அதனை ஆக்கும் இடம் கொழுப்பிழையமே. மெலிவு என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு லெப்ரின் என்று பெயர் சூட்டினர். கோல்மனுக்கும் பிறீட்மனுக்கும் 2010இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. கோல்மன் 2014இல் காலமானார்.

லெப்ரினை ஊசியாக ஏற்றினால் உலகின் பருமனெல்லாம் தீரும் என்று அந்நாட்களில் எதிர்பார்க்கப்பட்டது. பிறவியிலேயே லெப்ரின் அற்ற சில குழந்தைகளுக்கு அவ்வாறே நிகழ்ந்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த பாகிஸ்தானிய வழிவந்த குடும்பமொன்றின் இரு குழந்தைகளில் இக்குறைபாடு இருப்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1997இல் கண்டறிந்தனர். லெப்ரின் ஏற்றியபின் அடங்காப் பசி அடங்கிற்று. ஆனால் பெரும்பாலான பருத்தவர்களுக்கு லெப்ரின் குறைவில்லை. கொழுப்புக் கூடக்கூட அதுவும் கூடுகின்றது. மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. இன்சுலினுக்கு நேர்ந்த கதியே லெப்ரினுக்கும் நேர்கின்றது.

நன்மை செய்வதும் தீமை செய்வதும்

லெப்ரினையடுத்து இன்னும் பல செய்திப்பொருள்கள் கொழுப்பிழையத்திற் கண்டறியப்பட்டன. அவற்றுள் எமக்கு மிக வேண்டியது அடிப்போனெக்ரின். 1995இலும் 1996இலும் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் தனித்தனியே இதனை அறிந்து வெளியிட்டனர். இது தசையிற் கொழுப்பை எரிக்கத் தூண்டுகின்றது. ஈரல் சீனி ஆக்குவதைத் தணிக்கின்றது. இன்சுலினின் சொல் எடுபட வழிசெய்கின்றது. லெப்ரினைப் போலன்றி, கொழுப்புக் கலங்கள் ஊதிப் பெருக்கும்போது இதன் சுரப்புக் குறைந்துவிடுகின்றது. கொழுப்பு மிகுந்தவரிடம் இந்த நன்மருந்து மிகுதியாக இருக்கும் என்று நினைப்போம். நடப்பது அதற்கு நேர்மாறு. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்திய பெரும் மக்கள் ஆய்வின் ஒரு பகுதியாக 2005இல் வெளிவந்த கட்டுரையும், வயிற்றுப் பருமன், உயர் குருதியமுக்கம், சீனி ஆகியன சேர்ந்து காணப்படும் தமிழகத்தவரிடம் அடிப்போனெக்ரின் தாழ்ந்திருப்பதைக் காட்டியது.

தீமை செய்வனவும் உள. பருத்த விலங்குகளின் கொழுப்பிழையத்திலிருந்து அழற்சியை மூட்டும் ஒரு புரதம் வெளிவருவதை ஹாவாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் காட்டினர். ரி.என்.எவ். அல்பா எனப்படும் அப்புரதம், இன்சுலின் வாங்கியின் உட்செய்தி நகராதவாறு இடையில் தடுக்கின்றது. கிருமிகளை விழுங்குவதற்கென்று உடல் வைத்திருக்கும் பெருவிழுங்கிக் கலங்கள், பருத்த கொழுப்பிழையத்தினுள் பெருந்தொகையாகக் குடிபுகுகின்றன என்பது 2003இல் வெளிப்பட்டது. கிருமியில்லாத இடத்திற் போர் மூண்டாற்போல, ஓயாத மெல்லிய அழற்சி ஒன்று அங்கு எரிந்துகொண்டிருக்கின்றது.

அவ்வாறாயின் கொழுப்பே பகையா? இல்லை. பிறவியிலோ பின்னரோ உடற்கொழுப்பு முழுவதும் அற்றுப்போகும் ஓர் அரிய நோய் உண்டு. அந்நோயாளர் எலும்பும் தசையுமாக மெலிந்திருப்பர். ஆயினும் அவர்களுக்குக் கடுமையான இன்சுலின் எதிர்ப்பும் நீரிழிவும் வருகின்றன. சேமிக்க இடமில்லாத கொழுப்பு ஈரலிலும் தசையிலும் போய்ப் படிகின்றமையும், லெப்ரின் இன்மையும் அதற்குக் காரணம். 2002இல் வெளிவந்த ஆய்வில் அத்தகையோருக்கு லெப்ரின் ஏற்றப்பட்டபோது சீனியும் குருதிக் கொழுப்பும் இறங்கின. அளவான கொழுப்பு உரிய இடத்தில் இருத்தல் நலத்துக்கு வேண்டியதே. இடம் நிரம்பி வழியும்போது, வழிந்த கொழுப்பு ஈரலிலும் தசையிலும் குடலைச் சுற்றியும் படிந்து இன்சுலினின் வழியை அடைக்கின்றது.

'நான் மெலிவு, எனக்கு வராது'

எம்மவரிடையே அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. வேலைத்தலத்தில் உடன் பணிபுரியும் பருத்த வெள்ளையரைக் காட்டி, 'அவருக்கே இல்லை, எனக்கேன்?' என்று கேட்போரும் உளர். இந்த ஒப்பீடு எமக்குப் பொருந்தாது.

2004ஆம் ஆண்டில் புனே மருத்துவர் யாஜ்னிக், இங்கிலாந்தின் யுட்கின் ஆகிய இருவரும் தம் இருவரது படத்தை ஒரு மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்பருமன் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலிற் கொழுப்பு 9.1 வீதம்; இந்தியரின் உடலில் 21.2 வீதம். தராசு காட்டாத வேறுபாட்டை அப்படம் காட்டிற்று.

எமக்கு அண்மையிலுள்ள ஹமில்டனில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் சோனியா ஆனந்தும் குழுவினரும் இதன் காரணத்தைத் தேடினர். தென்னாசிய வழிவந்தோரையும் வெள்ளையரையும் ஒப்பிட்ட அவர்களது ஆய்வு 2011இல் வெளிவந்தது. தென்னாசியரின் தோலடிக் கொழுப்புக் கலங்கள் பெரியனவாக இருந்தன, ஈரலிற் கொழுப்புக் கூடியிருந்தது, அடிப்போனெக்ரின் தாழ்ந்திருந்தது. தோலின்கீழ் எமக்கு வாய்த்த களஞ்சியம் விரைவில் நிரம்பி, எஞ்சியது உட்புறம் வழிகின்றது என்றே இதனை விளங்கிக்கொள்ளலாம்.

அதே ஆண்டில், ஒன்ராறியோவில் ஏறக்குறைய 60,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு வெளியாயிற்று. சுட்டெண் 30ஐ எட்டிய வெள்ளையருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு எத்துணையோ, அத்துணை வாய்ப்பு தென்னாசியருக்குச் சுட்டெண் 24இலேயே வந்துவிடுகின்றது என்று அது கண்டது. 170 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெள்ளையராயின் ஏறத்தாழ 87 கிலோவில் வரும் ஆபத்து, எம்மவருக்கு 69 கிலோவிலேயே வந்துவிடுகின்றது. நோய் கண்டறியப்படும் வயதும் அவ்வாறே: வெள்ளையரின் இடைநிலை வயது 58, தென்னாசியருக்கு 49. பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்லும் பருவம், வீட்டுக்கடன் பாதியும் அடைபடாத பருவம் அது. கண், சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே சேதம் தொடங்குமாயின், அதன் சுமை முழுக் குடும்பத்தின் மேலும் விழும்.

எமது வாழ்க்கை முறை

மரபின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் அமைந்துவிடலாகாது. ஊரில் சைக்கிளில் கடைக்கும் வயலுக்கும் சென்றவர்கள் இங்கே நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்திலிருந்து தொழிற்சாலை வாசல்வரை காரிற் செல்கின்றோம். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடிவிட்டு, நடுச்சாமத்தில் சோறும் கறியும் உண்டு உடனே படுக்கின்றோம். வார இறுதியிற் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, திருமணம் என்று மண்டபங்கள் நிறைகின்றன. றோல்ஸும் கொத்துரொட்டியும் இன்றி ஒன்றுகூடல் இல்லை. 'சதை பிடித்திருக்கிறியள், கனடா ஒத்துக்கொண்டுவிட்டது' என்று வயிற்றை வளத்தின் அடையாளமாகப் பாராட்டும் வழக்கமும் எம்மிடம் மறையவில்லை.

உறக்கக் குறைவும் இதிற் பங்குகொள்கின்றது. 1999ஆம் ஆண்டில் சிக்காகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணித்தியாலம் மட்டுமே உறங்கவிட்டு ஆராய்ந்தனர். நோயற்ற அவ்விளைஞர்களின் உடல் சீனியைக் கையாளும் திறன் அந்த ஆறு நாட்களிலேயே தளர்ந்துபோயிற்று. ஆண்டுக்கணக்காக இரட்டை வேலை பார்க்கும் எமது சகோதரர்களின் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடியவை

எடை பார்க்கும் இயந்திரத்தை நம்பியிராது, தையல் அளவு நாடாவை எடுத்து இடுப்பை அளப்பது முதற்படி. தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லையென அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் வகுத்துள்ளது. அதனைத் தாண்டியவர்கள் வைத்தியரிடம் குருதிப் பரிசோதனை கேட்டுப் பெற வேண்டும். கனடாவில் அளவு மில்லிமோலிற் சொல்லப்படும். வெறுவயிற்றுச் சீனி 7.0 அல்லது அதற்கு மேலாயின் நீரிழிவு. ஊரில் நாம் கேட்டுப் பழகிய கணக்கில் இது 126. 6.1 முதல் 6.9 வரை எச்சரிக்கை நிலை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி 6.5 வீதத்தை எட்டினாலும் நீரிழிவே. நோயின் அறிகுறி இல்லாதவருக்கு முடிவை உறுதிசெய்ய இன்னொரு பரிசோதனையும் வேண்டும்.

எச்சரிக்கை நிலையில் உள்ளோர் மனந்தளர வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். அறிவுரை எதுவும் பெறாதோரில் 55 வீதமானோருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி நாளாந்தம் நடந்தோரில் அது 39 வீதமாகக் குறைந்தது. எடை குறிப்பிடத்தக்க அளவு இறங்காதபோதும் இந்த நன்மை கிட்டியது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. இயங்கும் தசை, இன்சுலினின் துணை அதிகமின்றியே குளுக்கோசை உள்வாங்கத் தொடங்கிவிடுகின்றது. எடை இறங்குமாயின் நன்மை இன்னும் பெருகும்: ஈரற் கொழுப்புக் கரையும், அடிப்போனெக்ரின் ஏறும்.

ஆகவே நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் நடப்போம். பனிக்காலத்தில் வெளியே நடக்க இயலாதாயின், அண்மையிலுள்ள அங்காடிக் கட்டிடத்தினுள் நடக்கலாம். மாடிக் குடியிருப்பில் இருப்போர் படிக்கட்டில் ஏறலாம். சோற்றைக் கோப்பையின் காற்பங்காகக் குறைத்து, பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும், எஞ்சிய காற்பங்கை மீன், பருப்பு, பயறு, முட்டை ஆகியவற்றுக்கும் ஒதுக்குவோம். குத்தரிசியாயினும் அளவு அளவே. தேநீரில் மூன்று கரண்டி சீனி இடுவோர் மாதத்துக்கு ஒரு கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கும் பழகிக்கொள்ளும். மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது. பாகற்காய்ச் சாறோ வெந்தயமோ இன்சுலினுக்கு ஈடாகாது.

அகதி விண்ணப்பம் செய்துவிட்டுக் காத்திருக்கும் எமது உறவுகளுக்கு ஒரு சொல். 'நோய் தெரிந்தால் வழக்குப் பாதிக்கும்' என்ற அச்சத்தால் வைத்தியரை நாடாது இருப்போர் பலர். அகதியாக ஏற்கப்பட்டவரை, மருத்துவச் செலவு மிகும் என்ற காரணத்துக்காக நிரந்தர வதிவிடம் மறுக்கக் கனடியச் சட்டம் இடமளிப்பதில்லை. விசாரணைக்குக் காத்திருப்போருக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தின்கீழ் வைத்தியரைக் காணவும் குருதிப் பரிசோதனை செய்யவும் வழியுண்டு. எந்தக் காப்புறுதியும் இல்லாதோரையும் ஏற்கும் சமூக சுகாதார நிலையங்கள் ஒன்ராறியோவில் உள்ளன. மொழி தடையாயின், தமிழ் பேசும் வைத்தியர்களும் தாதியரும் ஸ்காபரோவில் நிறைய இருக்கின்றனர்.

நோயை மறைப்பதும் எம்மிடையே உள்ள ஒரு வழக்கம். மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று தந்தையும், வேலை போய்விடும் என்று மகனும் மறைக்கின்றனர். குளிர்சாதனப் பெட்டியின் மூலையில் ஒளித்து வைக்கப்பட்ட இன்சுலின் குப்பி எவருக்கும் அவமானம் அன்று. நாற்பது வயதைத் தாண்டியோர் மட்டுமன்றி, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நீரிழிவு உள்ள இளையோரும், கருவுற்ற காலத்திற் சீனி கூடிய பெண்களும் பரிசோதனையைத் தள்ளிப்போடலாகாது. போரையும் கடலையும் கடந்து இங்கு வந்து சேர்ந்த குடும்பங்கள், தடுக்கக் கூடிய ஒரு நோய்க்குத் தம் உழைப்பாளரைப் பலிகொடுக்க வேண்டியதில்லை. இந்த வார இறுதியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் இடுப்பையும் அளந்து குறித்துக்கொள்வோம். எல்லையைத் தாண்டியவர்களுக்குத் திங்கட்கிழமையே வைத்தியரிடம் நேரம் கேட்போம்.